அனைத்து வரிகளும் உட்பட

எங்கள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அடிக்கடி வரும் பேச்சு ஒன்று உண்டு. யாராவது ஒருவர் சம்பளச் சீட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். "இந்த மாசம் இவ்வளவு பிடிச்சிட்டாங்க" என்பார். இன்னொருவர் "நாம கட்டுறோம், அவங்க வாங்கித் திங்கிறாங்க" என்று முடித்து வைப்பார். அவங்க என்றால் யார் என்று விளக்கம் தேவையில்லை. ரேஷன் கடை வரிசையில் நிற்பவர்கள், நூறு நாள் வேலைக்குப் போனவர்கள், 2023 செப்டம்பருக்குப் பிறகு மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகை வாங்கும் பெண்கள். நானும் பல வருடம் இதற்குத் தலையாட்டியிருக்கிறேன். இப்போதெல்லாம் அந்தப் பேச்சு வந்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. ஏன் என்று ஒருநாள் கேட்டார்கள். சாப்பாட்டு நேரத்துக்குள் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் தஞ்சாவூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மாதா மாதம் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்வது என் வேலை. சொந்த ஊர், மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகும் சாலையில் இறங்கி உள்ளே நடக்க வேண்டும். 2021-இல் அப்பா போன பிறகு ஆறு மா நிலம் என் பேருக்கு வந்தது. மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர், அவ்வளவுதான் கணக்கு. நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கிறேன். கல்லணையில் திறக்கும் தண்ணீர் வெண்ணாற்றில் வந்து, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் பிரிந்து, பாமணியாற்றில் இறங்கி, பெரிய வாய்க்கால், சின்ன வாய்க்கால் என்று எத்தனையோ மதகு தாண்டித்தான் எங்கள் வயலைத் தொட வேண்டும். கடைமடை. மேட்டூரில் திறந்த செய்தி வந்து எத்தனை நாள் கழித்துத் தண்ணீர் வரும் என்று அப்பா வாய்க்கால் கரையில் போய் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார்.

2022-இல் டெல்டாவில் தூர்வார அரசு 80 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஆறு, வாய்க்கால், வடிகால் எல்லாம் சேர்த்து 4,964 கிலோமீட்டர். ஏப்ரல் கடைசியில் வேலை தொடங்கியது. எங்கள் வாய்க்கால் கரையிலும் பலகை நட்டார்கள். பணியின் பெயர், நீளம் 1.80 கி.மீ., மதிப்பீட்டுத் தொகை எல்லாம் அதில் இருந்தது. அந்த வருடம் மேட்டூரில் தண்ணீர் நிறைய இருந்ததால், வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 வரை காத்திருக்காமல் மே 24 அன்றே திறந்துவிட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு மே மாதத்தில் மேட்டூரைத் திறந்தது அதுதான் முதல்முறை. ஊரே சந்தோஷப்பட்டது. ஆனால் எங்கள் வாய்க்காலில் பொக்லைன் முக்கால் தூரம்தான் வந்திருந்தது. தண்ணீர் வருகிறது என்றதும் வேலையை நிறுத்திக்கொண்டு போய்விட்டார்கள். கடைசி 400 மீட்டர் கோரையும் வெங்காயத்தாமரையும் மண்டி அப்படியே கிடந்தது. பலகை மட்டும் 1.80 என்று சொல்லிக்கொண்டு நின்றது. "தின்னுட்டானுங்க" என்றது ஊர். நானும் அதைத்தான் சொன்னேன். பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

மாவுக்கு நூற்றைம்பது

ஜூன் முதல் வாரத்தில் ஒரு சாயங்காலம் மதகடியில் கூடினார்கள். அப்பா இருந்தால் அவர் போயிருப்பார். அவருக்குப் பதிலாக நான் போனேன். வேறு பெண்கள் யாரும் கூட்டத்தில் இல்லை. அந்த வாய்க்காலில் பாயும் நிலம் மொத்தம் 82 மா. தூர்வாராத கடைசித் துண்டில் இருப்பது 22 மா. பொக்லைன்காரர் வந்து பார்த்துவிட்டு, பதினொரு மணி நேரம் ஆகும், மணிக்கு 1,100 ரூபாய் என்று சொல்லியிருந்தார். மதகுப் பலகையை இரண்டு நாள் இறக்கி வைத்துக்கொண்டால் வேலை முடிந்துவிடும். 12,100 ரூபாய். யார் கொடுப்பது?

மேல்வயல் மாமா ஒருவர்தான் ஆரம்பித்தார். "எங்களுக்குத்தான் தண்ணி ஏறிடுச்சே. நாத்தும் விட்டாச்சு. மதகை ரெண்டு நாள் அடைச்சா நாத்து காயும். அதையும் தாங்கிக்கிட்டு மேக்கொண்டு காசும் குடுக்கணுமா?" என்றார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. எவனுக்குப் பலனோ அவன் கொடுக்கட்டும் என்பது காது கேட்டவுடன் நியாயமாகத்தான் படுகிறது. கடைமடை அண்ணன் ஒருவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "சரி, நாங்க இருபத்திரண்டு மாக்காரங்களே பிரிச்சுக்கிறோம்" என்றார். மாவுக்கு 550 ரூபாய் வரும். அந்த இருபத்திரண்டு மாவில் ஒரே ஒரு மா வைத்திருப்பவரும் இருக்கிறார், குத்தகைக்குச் சாகுபடி செய்பவர்களும் இருக்கிறார்கள்.

நோட்டு வைத்திருந்த சித்தப்பா கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பேனாவை மூடாமல் மாமாவைப் பார்த்துக் கேட்டார்: "கார்த்திகையில ராத்திரி ராத்திரியா கொட்டுமே, அப்ப ஒன் வயல்ல நிக்கிற தண்ணி எந்தப் பக்கம் போவும்? மேல ஏறியா போவும்?" எங்கள் பக்கத்து வாய்க்கால் அப்படித்தான். ஆனியில் தண்ணீர் கொண்டுவருவதும் அதுதான், கார்த்திகையில் மிஞ்சிய தண்ணீரை வடித்துக்கொண்டு போவதும் அதுதான். கடைசி 400 மீட்டர் அடைத்துக் கிடந்தால் முதலில் வாடுவது கடைமடை, ஆனால் அடைமழையில் மூழ்குவது மேல்வயல். மாமா கொஞ்ச நேரம் வெற்றிலையைத் தடவிக்கொண்டிருந்தார். அப்புறம் "எழுதிக்க" என்றார். எல்லாருக்கும் மாவுக்கு 150. மொத்தம் 12,300.

வரி ஏன் எல்லாரும் கட்ட வேண்டும், வசதியாக இருப்பவன் தனக்கு நேராகப் பலன் தெரியாதபோதும் ஏன் கட்ட வேண்டும் என்பதற்கு எத்தனையோ பேர் எத்தனையோ விளக்கம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மேல ஏறியா போவும் என்ற ஒரு கேள்வி எனக்குப் புரியவைத்த அளவுக்கு எதுவும் புரியவைத்ததில்லை.

அடுத்த பிரச்சினை என்னைப் பற்றியது. குத்தகை நிலத்துக்கு யார் கொடுப்பது, நிலத்துக்காரரா, சாகுபடிக்காரரா? என் குத்தகைக்காரர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். சித்தப்பா, "வாய்க்கா நெலத்தோட இருக்கு. நெலத்துக்காரங்க குடுக்குறதுதான் மொறை" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "சித்தப்பா, நான் வருஷா வருஷம் வருமான வரி கட்டுறேன். இது அரசாங்கம் செய்யவேண்டிய வேலை. ஒரே வேலைக்கு ரெண்டு தடவை ஏன் கட்டணும்?" என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "நீ கேக்குறது சரிதாம்மா. நீ கட்டுனதுக்கு அத்தாட்சி இருக்கு. போயிக் கேளு. கேக்க வேண்டியதுதான். இப்ப தண்ணி வந்துருச்சு" என்றார். ஆறு மாவுக்கு 900 ரூபாய் கொடுத்தேன்.

கூட்டம் கலையப் போகும் நேரத்தில்தான் அந்த ஆயா வந்தார். வந்தார் என்று சொல்வது சரியில்லை, முதலிலிருந்தே மதகுக்கு அந்தாண்டை நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். வாய்க்கால் கரைப் புறம்போக்கில் குடிசை. ஆயுசு முழுக்க அடுத்தவர் வயலில் நடவும் களையும். கைப்பிடி மண்கூட அவர் பேரில் இல்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐம்பது ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினார். "எழுது" என்றார். சித்தப்பா சிரித்தார். "ஒனக்கு ஏது நெலம் ஆயா? வச்சுக்க" என்றார்.

"எம் பேரை எழுது. கணக்குப் படிக்கையில எம் பேரும் வரணும்."

"எதுக்கு?"

"போன தடவை வந்த மிஷினு அள்ளுன சேத்தைக் கொண்டாந்து எவ் வாசல்ல குமிச்சுட்டுப் போயிட்டான். ஏந்தம்பி இப்படிச் செய்யிறேன்னு கேட்டதுக்கு, நீயா காசு குடுக்குறேன்னான். இந்தத் தடவை குடுத்துருக்கேன்ல. அந்தாண்ட கொட்டுன்னு சொல்லுவேன்."

யாரும் பேசவில்லை. சித்தப்பா தாளை வாங்கி வைத்துக்கொண்டு, 82 மாவுக்கும் கீழே ஒரு கோடு போட்டு, அவர் பேரை எழுதினார். அடுத்த நாள் பொக்லைன் அவர் குடிசைக்கு நேராக வந்தபோது ஆயா கையில் ஒரு குச்சியோடு நின்றார். இங்கே வேண்டாம், அங்கே என்று காட்டினார். ஓட்டுநர் அங்கே கொட்டினார். மூன்றாம் நாள் அதே மதகடியில் கணக்கு வாசிக்கப்பட்டது. வரவு 12,350. பொக்லைன் 12,100. டீ, சாப்பாடு 240. மீதி பத்து ரூபாய். ஒவ்வொரு பேராகப் படித்துக் கடைசியில் ஆயாவின் பேரும் வந்தது. அப்புறம்தான் அவர் நகர்ந்தார்.

ஏழை மனசு பெரிசு என்று சொல்லி இதை நான் மறந்திருக்க முடியும். கூட்டத்தில் ஓரிருவர் அப்படித்தான் பேசினார்கள். ஆனால் அவர் தர்மமாக எதையும் கொடுக்கவில்லை. கொடுத்தவர்தான் கேட்க முடியும் என்பதை இத்தனை வருட அனுபவத்தில் தெரிந்து வைத்திருந்தார். கேட்கும் உரிமைக்கு ஐம்பது ரூபாய் விலை கொடுத்தார். அது அவருக்கு ஏற்கெனவே இருந்த உரிமை என்பதுதான் என்னை இன்றுவரை தூங்கவிடாமல் செய்கிறது.

சோப்புக் காகிதத்தின் ஓரம்

அன்று ராத்திரி ஊரிலேயே தங்கினேன். காலையில் குளிக்கப் போகும்போது புதுச் சோப்பைப் பிரித்தேன். காகிதத்தின் ஓரத்தில் விலை, அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் "அனைத்து வரிகளும் உட்பட" என்று ஆங்கிலத்தில். இந்தச் சொற்களை எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருப்பேன்! என் பிழைப்பே அதுதான். அன்றைக்குச் சோப்புக்கு 18 சதவீதம். பத்து ரூபாய்ச் சோப்பில் ஒன்றரை ரூபாய் வரி. அந்த ஆயாவும் இதே சோப்பைத்தான் வாங்குகிறார். நூல்சேலை, தீப்பெட்டி, பிஸ்கெட், டீத்தூள், பேரன் வாங்கிக் கொடுத்த கைபேசிக்கு ரீசார்ஜ். 199 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்தால் அதில் 30 ரூபாய் வரி. ஆனால் அவர் கொடுத்ததற்கு எந்த நோட்டிலும் பேர் இல்லை. எனக்குச் சம்பளத்தில் பிடித்த வரிக்குச் சான்றாகப் படிவம் 16 வருகிறது, பைசா சுத்தமாக. அதை வைத்துக்கொண்டு நான் மதகடியில் "வரி கட்டுறேன்" என்று சத்தம் போட முடிந்தது. அவருக்கு ஒரு சீட்டும் வராது. ஆகவே அவர் கட்டுவதே இல்லை என்று நானும் நம்பினேன், பொக்லைன் ஓட்டுநரும் நம்பினார், அவரும் நம்பினார்.

சோப்புக்கும் பிஸ்கெட்டுக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். நல்ல காரியம். ரீசார்ஜ் 18-இலேயே இருக்கிறது. ஆனால் விகிதம் எவ்வளவு என்பதைவிட என்னை உறுத்துவது வேறு. சம்பாதிப்பதில் ஒரு பகுதியை நான் சேமிக்கிறேன். சேமிப்பின் மீது ஜிஎஸ்டி இல்லை. அவர் சம்பாதிப்பது அத்தனையும் அன்றன்றைக்குக் கடையில்தான் போய்ச் சேர்கிறது. பொருள் வாங்கும்போது கட்டும் வரியை வருமானத்தோடு வைத்துப் பார்த்தால் அவர் கட்டும் பங்கு என் பங்கைவிடக் கனம்.

என் குத்தகைக்காரர் கதை இன்னும் மோசம். பூச்சிமருந்துக்கு அவர் 18 சதவீதம் கொடுக்கிறார், உரத்துக்கு 5. எங்கள் நிறுவனமும் வாங்கும் பொருளுக்கெல்லாம் வரி கொடுக்கிறது. ஆனால் மாதக் கடைசியில் நான் உட்கார்ந்து, கட்டவேண்டிய வரியில் அந்த வரியைப் பைசா விடாமல் கழித்துக்கொள்கிறேன். உள்ளீட்டு வரி வரவு என்று அதற்குப் பேர். நெல்லுக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பதால், அவர் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ள அவருக்கு வழியில்லை. வயலில் தெளித்ததோடு போயிற்று. இதில் நானும் சேர்த்தி. அறுப்புக்கு அறுப்பு எனக்கு வரும் குத்தகை, வேளாண் வருமானம். வருமான வரிச் சட்டம் அதற்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. வெயிலில் நிற்பவர் மருந்துக்கு வரி கட்டுகிறார், தஞ்சாவூரில் மின்விசிறிக்குக் கீழே இருக்கும் எனக்கு அதே வயலின் வருமானத்துக்கு வரி இல்லை. சிறு விவசாயிக்கு இந்த விலக்கு வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெரிய பண்ணைகளுக்கும் என்னைப் போல வெளியூரில் வேறு சம்பளம் வாங்குபவர்களுக்கும் எதற்கு? 1972-லேயே, வேளாண் வருமானத்துக்கு வரி போடுவது பற்றி ஆராய்ந்த கே.என். ராஜ் குழு, பெரிய நில உடைமைகள் மீது படிப்படியாக ஏறும் வரி போடலாம் என்று சொன்னது. அதைத் தொட ஆட்சியாளர்களுக்கு மனம் வரவில்லை.

வரியைக் கண்ணால் பார்க்கக்கூடியவர்கள் அதிலிருந்து நகர்ந்துகொள்ளவும் முடிகிறது. அதே 2022-இல், ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பையிலடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீதம் வரி வந்தது. கொஞ்ச நாளிலேயே கடைகளில் 26 கிலோ மூட்டை வந்து இறங்கியது. ஒரு கிலோ கூடினால் வரி இல்லை. மூட்டையாக வாங்க முடிந்தவர்கள் தப்பித்தார்கள். ஐந்து கிலோ பையாக வாங்குபவர் வரியைக் கொடுத்தார். 2019 செப்டம்பர் 20-ஆம் தேதி நிறுவன வரியை 30-லிருந்து 22 சதவீதமாகவும், புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 சதவீதமாகவும் குறைத்தபோது, வருடத்துக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாயை அரசு விட்டுக்கொடுப்பதாக நிதியமைச்சரே சொன்னார். அன்றைக்கு எங்கள் சாப்பாட்டு மேசையில் "நாம கட்டுறோம், அவங்க திங்கிறாங்க" என்று ஒருவரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

மதகடிக் கணக்குக்கே வருகிறேன். அந்தப் பதினொரு மணி நேரத்தில் பொக்லைன் அறுபது லிட்டர் டீசலாவது குடித்திருக்கும். அப்போது லிட்டர் 94, 95 ரூபாய். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரி. ஒன்றிய அரசின் கலால் லிட்டருக்கு 15 ரூபாய் 80 காசு. மாநில அரசின் வாட் 11 சதவீதமும் அதற்கு மேல் 9 ரூபாய் 62 காசும். ஆக, அரசு செய்யாமல் விட்ட வேலையை நாங்கள் வசூல் செய்து முடித்தபோது, அந்த வசூலிலிருந்தும் சுமார் இரண்டாயிரம் ரூபாய் வரியாகப் போனது. அதில் ஆயாவின் ஐம்பதும் இருக்கிறது. அந்த 15.80-இல் மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டிய அடிப்படைக் கலால் வெறும் 1 ரூபாய் 80 காசு. மிச்சமெல்லாம் செஸ், கூடுதல் தீர்வை என்ற பேரில் வருவதால் நிதிக்குழு சொல்லும் பங்கீட்டுக்குள் வராது. அதில் நான்கு ரூபாய்க்குப் பேரே வேளாண் உள்கட்டமைப்பு மேம்பாட்டு செஸ். எங்கள் 400 மீட்டரும் வேளாண் உள்கட்டமைப்புதான். எங்கள் டீசலிலிருந்து போன அந்த நாலு ரூபாய் எந்த ஊரின் எந்த மதகுக்குப் போனது என்று கேட்க எங்களுக்கு ஒரு மதகடி இல்லை.

தஞ்சாவூரில் இருப்பதால் பெரிய கோயிலுக்கு அடிக்கடி போவேன். இந்தச் சம்பவத்துக்குப் பிறகு அங்கே உள்ள கல்வெட்டு எனக்கு வேறுமாதிரி தெரிகிறது. நாம் கொடுத்தனவும், அக்கன் கொடுத்தனவும், நம் பெண்டுகள் கொடுத்தனவும், மற்றும் கொடுத்தார் கொடுத்தனவும் கல்லிலே வெட்டுக என்று ராஜராஜன் சொன்னதை நம் ஊரில் எல்லாரும் பெருமையாகச் சொல்வோம். மற்றும் கொடுத்தார் என்று பிறரையும் சேர்த்தது பெரிய மனசுதான். பொன் எவ்வளவு, முத்து எவ்வளவு என்று எடையோடு பேர் இருக்கிறது. அதே கோயிலுக்கு நெல் அளந்த ஊர்களின் பட்டியலும் இருக்கிறது. இன்ன ஊர், இவ்வளவு நிலம், ஆடவல்லான் என்னும் மரக்காலால் இவ்வளவு கலம் நெல். அங்கே ஊரின் பேர் இருக்கிறது. அந்த நெல்லை விளைவித்தவரின் பேர் இல்லை. விளக்கெரிந்ததும் பூசை நடந்ததும் அந்த நெல்லால்தான். ஆயிரம் வருடத்துக்கு முன்னும் பொன் கொடுத்தவருக்குப் பேர் இருந்திருக்கிறது, நெல் கொடுத்தவர் ஊருக்குள் கரைந்திருக்கிறார்.

பதினாலு பக்கம்

கணக்கில் மிஞ்சிய அந்தப் பத்து ரூபாயைச் சித்தப்பா என்னிடம் கொடுத்தார். "அத்தாட்சி இருக்குன்னேனே, போயிக் கேளு" என்றார். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை வாங்கி ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். எங்கள் வாய்க்காலின் அளவுப் புத்தகம், பட்டியல் தொகை, பணி முடிவு அறிக்கை மூன்றும் கேட்டேன். முப்பது நாளில் பதில் தர வேண்டும். நாற்பது நாளுக்கு மேல் ஆனது. பதினாலு பக்கம், பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வீதம் 28 ரூபாய் கட்டி வாங்கினேன். திருட்டைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறேன் என்ற வேகத்தில் பேருந்து நிலையத்திலேயே உட்கார்ந்து படித்தேன்.

திருட்டு இல்லை. இறுதி அளவு 1,400 மீட்டர் என்று கறாராக எழுதியிருந்தது. நீர்வரத்து காரணமாக எஞ்சிய பணி மேற்கொள்ளப்படவில்லை என்று ஒரு வரி. பட்டியலும் 1,400 மீட்டருக்குத்தான் போட்டிருந்தார்கள். நாங்கள் சங்கிலி பிடித்து அளந்ததும் அதே 1,400. அளந்து எழுதிய பொறியாளர் நேர்மையானவர். நான்தான் நாலு மாதமாக அவரைத் திருடன் என்று ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறேன். அந்தத் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அங்கேயே இருந்தேன். பிறகு ஊருக்குப் போய் ஒவ்வொருவரிடமும் மாற்றிச் சொன்னேன். பாதிப் பேர் நம்பவில்லை. "எழுதுறது அவுங்க கையில இருக்கு, எப்படி வேணாலும் எழுதிக்கலாம்" என்றார்கள். செலவு சரியாக இருந்தும் அதைச் செலவழித்தவர் திருடனாகவே இருந்துவிட்டார். பலகையில் 1.80-ஐ அடித்து 1.40 என்று எழுத ஒரு தூரிகை சாயம் போதும். வேலை நின்ற அன்றைக்கு, ஏன் நின்றது, மீதிப் பணம் எங்கே போகும் என்று மதகடியில் நின்று ஐந்து நிமிடம் சொல்லியிருந்தால் போதும். மீதிப் பணம் என்ன ஆனது என்பதற்கு அந்தப் பதினாலு பக்கத்திலும் ஒரு வரி இல்லை.

எத்தனை கோடி ஒதுக்கினோம் என்று சொல்வதில் அரசுகள் சளைப்பதில்லை. 80 கோடியை 4,964 கிலோமீட்டருக்கு வகுத்தால் மீட்டருக்குச் சுமார் 161 ரூபாய் வருகிறது. ஆறும் பெரிய வாய்க்காலும் சேர்ந்த சராசரி அது, எங்கள் சின்ன வாய்க்காலுக்கு அவ்வளவு ஆகாது. எங்களுக்கு 400 மீட்டருக்கு மீட்டர் 31 ரூபாய்க்குள் முடிந்தது. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துக் குற்றம் சாட்ட நான் தயாரில்லை, ஒருமுறை சூடுபட்டுவிட்டேன். ஆனால் எங்கள் வாய்க்காலுக்கு மீட்டருக்கு எவ்வளவு என்பதை எங்களிடம் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினால் என்ன? கிராமசபை வருடத்துக்கு ஆறு தடவை கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்துக்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. தூர்வாரும் வேலைக்கு ஒரு மாதம் முன்னால் வருகிற கூட்டம். அன்றைக்கு மதிப்பீட்டை வாசிக்கட்டும், மே முதல் தேதிக் கூட்டத்தில் எவ்வளவு முடிந்தது என்று சொல்லட்டும்.

ஆயா அந்தப் பதினாலு பக்கத்தையும் படிக்கச் சொல்லிக் கேட்டார். எனக்கே பாதி புரியாத பொறியியல் தமிழ். நான் வேகமாகத் தாண்டிக்கொண்டிருந்த ஓர் இடத்தில் நிறுத்தினார். "தூர்வாரிய மண்ணைக் கரையில் பரப்பிச் சமன்படுத்துதல்" என்றிருந்த வரி.

"சமன் பண்ணுறதுக்கும் காசு போட்டுருக்கா?"

"ஆமா ஆயா, சேர்த்துத்தான் போட்டிருக்கு."

"ம்" என்றார். அவ்வளவுதான்.

2023-இல் மறுபடி தூர்வாரினார்கள். டெல்டா முழுக்க 90 கோடி, 4,773 கிலோமீட்டர். இந்த முறை இயந்திரம் எங்கள் வாய்க்காலின் கடைசி வரைக்கும் வந்தது. சேற்றை மறுபடி ஆயா வாசலில் குவித்துவிட்டுப் போனது. அவர் தடுத்திருக்கிறார். சமன் பண்ணவும் காசு இருக்கே என்று கேட்டிருக்கிறார். அந்த ஆள் காதில் வாங்கவில்லை. நான் ஊருக்குப் போனபோது மேடு காய்ந்து குடிசைக் கூரை உயரத்துக்கு நின்றது. "எம் பேர்ல ஒரு மனு எழுது பாப்பா" என்றார்.

எழுத உட்கார்ந்தோம். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அந்தப் பத்து ரூபாய்க் கட்டணம் கிடையாது, சான்று வாங்கி வைத்தால் போதும் என்றேன். அவருக்கு முகம் மாறிவிட்டது. காசு கொடுக்காமல் எப்படிக் கேட்பது என்ற அதே பழைய கேள்வி. அப்போதுதான் சோப்பைப் பற்றிச் சொன்னேன். ஒரு வருடமாக என் மனதுக்குள்ளேயே வைத்திருந்ததை அவரிடம் சொல்லவே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. சோப்பில் எவ்வளவு, தீப்பெட்டியில் எவ்வளவு, ரீசார்ஜில் எவ்வளவு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"எத்தனை வருசமா?"

"இப்ப இருக்கிற வரி 2017-லேருந்து. அதுக்கு முந்தி வேற பேர்ல இருந்துச்சு."

"அப்ப எம் மாமியா காலத்துலேருந்தே குடுத்துக்கிட்டு இருக்கோம்."

"ஆமா."

"அதையும் எழுது."

இந்த மனுவில் காரணம் எதுவும் எழுதவேண்டியதில்லை, சட்டம் கேட்கவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே முதல் வரியாக, "நான் சோப்பு, தீப்பெட்டி, கைபேசி ரீசார்ஜ் ஆகியவற்றின் மூலம் அரசுக்கு வரி செலுத்தி வருகிறேன்" என்று எழுதினேன். அதற்குக் கீழேதான் வாய்க்காலின் பேரும், மண்ணைச் சமன்படுத்தப் பட்டியலில் கொடுத்த தொகை எவ்வளவு என்ற கேள்வியும். இடது கட்டைவிரலில் மை தடவி ரேகை வைத்தார்.

ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு பொக்லைன் வந்து அரைமணி நேரம் நின்று அந்த மேட்டைத் தட்டிவிட்டுப் போனது. பதில் கடிதம் அதற்கும் பிறகுதான் வந்தது. உறையின் மேல் அவர் பேருக்கு முன்னால் "திருமதி" என்று தட்டச்சு செய்திருந்தார்கள். தபால்காரரிடம் அதை இரண்டு தடவை படிக்கச் சொன்னாராம். இப்போது குடும்ப அட்டை வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்திருக்கிறார். போன பொங்கலுக்குப் போனபோது எடுத்துக் காட்டினார்.